தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்: விபத்தில் அடிபட்டவரை எப்படி நகர்த்துவது?

2020 ஜூலை 1, காலை. நெய்வேலி என்எல்சி இரண்டாவது அனல்மின் நிலையத்தின் 5ஆவது அலகு. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கொதிகலனை மறுபடி இயக்குவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது வெடிவிபத்து ஏற்பட்டது. 6 பேர் அங்கேயே இறந்தார்கள். 17 பேர் காயமடைந்தார்கள். அதற்கு ஏறக்குறைய எட்டு வாரம் முன்புதான், மே 7ஆம் தேதி, இதே நிலையத்தின் 6ஆவது அலகில் நடந்த கொதிகலன் விபத்தில் 8 பேர் காயமடைந்திருந்தார்கள். அவர்களிலும் சிலர் பின்னர் சிகிச்சை பலனின்றி இறந்தார்கள்.

ஜூலை விபத்தில் காயமடைந்தவர்கள் முதலில் டவுன்ஷிப்பில் இருக்கும் என்எல்சி மருத்துவமனைக்கும், பலத்த தீக்காயம் பட்டவர்கள் அங்கிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளியிருக்கும் சென்னைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவராக இறக்க, பலி எண்ணிக்கை பத்தைத் தாண்டியது.

கொதிகலன் ஏன் வெடித்தது, யார் பொறுப்பு என்ற கேள்விகள் விசாரணைக் குழுக்கள், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. அதிகம் பேசப்படாத இன்னொரு கேள்வி உண்டு. அடிபட்டு விழுந்து கிடக்கும் ஒருவரை அந்த இடத்திலிருந்து எப்படி எடுப்பது? யார் எடுப்பது? எடுத்த பிறகு மருத்துவமனை வரை என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்? இது சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் மட்டுமான கேள்வி அல்ல. பைபாஸில் பைக் சறுக்கினாலும், ஆபீஸ் மாடிப்படியில் ஒருவர் உருண்டாலும் இதே கேள்விதான்.

முதலில் ஓடி வருவது யார்?

எந்த விபத்திலும் முதல் பத்து நிமிடத்தில் பக்கத்தில் இருப்பது மருத்துவரோ தீயணைப்பு வீரரோ அல்ல. கூட வேலை பார்ப்பவர்தான். பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. ரோட்டில் என்றால் டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், அந்தப் பக்கமாகப் போன நீங்கள்.

அந்த நேரத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். “புடி, புடி... காலைப் புடி... தூக்கு!” இரண்டு பேர் கைகளையும் இரண்டு பேர் கால்களையும் பிடித்துத் தூக்கி, கிடைத்த வண்டியில் திணிப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அப்படித் தூக்கும்போது இடுப்பு கீழே தொங்கும், தலை பின்னால் சரியும். கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் மட்டும் சேதமாகாமல் தப்பித்திருந்தால், அந்த ஒரு தூக்கலில் அதுவும் சேதமாகலாம். நடந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் வாழ்நாள் முழுக்க சக்கர நாற்காலியில் இருக்க நேரலாம்.

அதற்காக “ஆம்புலன்ஸ் வரும்வரை தொடவே கூடாது” என்று ஒதுங்கி நின்றாலும் உயிர் போய்விடும். புகை நிறைந்த அறையில் கிடப்பவரும், தொடையிலிருந்து ரத்தம் பீறிடுபவரும் காத்திருக்க முடியாது. வேகமா, நிதானமா என்று பொத்தாம்பொதுவாக முடிவு செய்ய முடியாது. “இவரை இப்போது கொல்லப் போவது எது?” என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும்.

கேள்வி 1: நான் உள்ளே போகலாமா?

மின் நிலையத்தில் சூடான நீராவி, கனன்றுகொண்டிருக்கும் சாம்பல், உயர் அழுத்த மின்சாரம், கார்பன் மோனாக்சைடு என்று ஆபத்துகள் பல. பழுப்பு நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. அணைந்துவிட்டதாகத் தெரியும் இடத்திலும் கீழே கங்கு இருக்கலாம்.

மூடிய இடங்களில் ஆபத்து இன்னும் அதிகம். தொட்டி, குழாய், சாக்கடைக் குழி போன்ற இடங்களில் நடந்த மரணங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986இல் எச்சரித்தது. நமக்கு இது புதிதல்ல. கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து இறந்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

அதனால் முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள். மெயின் சுவிட்ச், வால்வு, கன்வேயர் பெல்ட், ரோட்டில் என்றால் வரும் வண்டிகள். உயர் அழுத்த மின்கம்பி என்றால், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும்வரை பக்கத்திலேயே போகக் கூடாது. காய்ந்த கட்டையை வைத்துத் தள்ளும் வேலையெல்லாம் அங்கே உதவாது. வாயு இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே, சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

கேள்வி 2: இவரை இப்போதே நகர்த்த வேண்டுமா?

உடனே நகர்த்த வேண்டிய சந்தர்ப்பங்கள் சில மட்டுமே. தீ, புகை, விஷவாயு, ஏறிவரும் தண்ணீர், இடிந்து விழும் கட்டடம், வண்டிகள் பாயும் சாலை. இவற்றில் எதுவும் இல்லை, ஆனால் மூச்சே இல்லை என்றால், அவர் கிடக்கும் கோணத்தில் மார்பை அழுத்த முடியாதபோது மட்டும் தட்டையான தரைக்கு நகர்த்தலாம்.

மற்ற எல்லா நேரத்திலும் சிகிச்சை அவர் கிடக்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். மூச்சு நின்றவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஓடும் நேரம் முழுவதும் மூளைக்கு ரத்தம் போகாது.

அவசரமாக இழுக்க வேண்டியிருந்தால்...

ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது, ‘கழுத்தில் அடிபட்டிருக்குமோ’ என்று யோசித்து நிற்க முடியாது. ஆனால் சரியாக இழுத்தால் சேதம் குறையும். விதி ஒன்றுதான்: உடம்பின் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும்.

● சட்டையைப் பிடித்து: தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சட்டையைக் கொத்தாகப் பிடியுங்கள். அவர் தலை உங்கள் முன்கைகளுக்கு நடுவே தாங்கப்படும். அப்படியே பின்னோக்கி நடங்கள். மேல் பட்டன் கழுத்தை நெரிக்கிறதா என்று பாருங்கள்.

● போர்வையில் வைத்து: போர்வை, ஜமுக்காளம், தார்ப்பாய் எதுவானாலும் சரி. அவரை அதில் உருட்டிப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி இழுங்கள். தனி ஆளால் கனமான ஒருவரை நகர்த்த இதைவிட நல்ல வழி இல்லை.

● புகை இருந்தால்: குனிந்து அல்லது தவழ்ந்து இழுங்கள். தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக்கூடிய காற்று இருக்கும்.

ஒரு கையை மட்டும் பிடித்து இழுப்பது கூடாது. தோள் மூட்டு கழன்றுவிடும். பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை.

அவசரம் இல்லை என்றால்...

உயரத்திலிருந்து விழுந்தவர், வாகனம் மோதியவர், வெடிப்பில் தூக்கி வீசப்பட்டவர் எல்லோருக்கும் முதுகெலும்பில் அடி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் தாங்கட்டும். “எழுந்து உட்காருங்க, தண்ணி குடிங்க” என்பது வேண்டாம்.

திருப்பியே ஆகவேண்டும் என்றால் நாலு பேர் தேவை. ஒருவர் தலை, மற்ற மூவர் தோள், இடுப்பு, கால். தலையைப் பிடித்திருப்பவர்தான் தலைவர். “மூணு சொன்னதும் திருப்புங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவர் சொல்ல, மரக்கட்டை உருள்வதுபோல உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் கட்டளை கொடுத்தால் தலை ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போகும்.

ஒரு விதிவிலக்கு முக்கியம். மயக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தாலோ, வாயில் ரத்தம் தேங்கினாலோ, முதுகெலும்பைவிட மூச்சுக்கே முதலிடம். தலை, கழுத்து, உடல் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட வேண்டும். ஹெல்மெட்டுக்கும் இதே கணக்குதான். மூச்சு சீராக இருந்தால் கழற்றாமல் விட்டுவிடலாம். மூச்சுக்குத் தடையாக இருந்தால், ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, இன்னொருவர் மெல்லக் கழற்ற வேண்டும்.

ஸ்ட்ரெச்சர் இல்லையே?

மலைக் கிராமங்களில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவரும் படங்களைப் பார்த்திருப்போம். காய்ச்சல்காரருக்கு அது வேறு வழியில்லாத வழி. முதுகில் அடிபட்டவருக்கு அது ஆபத்து. தூளியில் உடம்பு வில்லாக வளைகிறது. அவருக்குத் தேவை தட்டையான, கெட்டியான பரப்பு: கதவுப் பலகை, பெஞ்சு. இரண்டு மூங்கில் கழிகளைப் போர்வைக்குள் மடித்துவைத்தும் ஸ்ட்ரெச்சர் செய்யலாம். ஆனால் முதுகில் அடி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பலகைதான் நல்லது. எதைச் செய்தாலும், அடிபட்டவரை ஏற்றுவதற்கு முன் நன்றாக இருக்கும் ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள். கழி முறிவதாக இருந்தால் அப்போதே முறியட்டும்.

தூக்கும் நால்வரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். சமதளத்தில் கால்பக்கம் முன்னே போக வேண்டும். அப்போதுதான் பின்னால் வருபவர்களுக்கு அவர் முகம் தெரியும். நிறம் மாறுகிறதா, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கலாம். படி ஏறும்போதும் ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் தலைப்பக்கம் முன்னே. அணிவகுப்புபோல எல்லோரும் ஒரே காலடி வைத்தால் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சலாடும்; காலடியை மாற்றி மாற்றி வைத்தால் ஆட்டம் குறையும்.

17 பேர் விழுந்து கிடந்தால் யாரை முதலில்?

மனம் போகும் திசை ஒன்று, மருத்துவம் சொல்லும் திசை இன்னொன்று. அதிகமாக அலறுபவரிடம்தான் எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1980களில் கலிஃபோர்னியாவில் உருவாக்கப்பட்ட ‘ஸ்டார்ட்’ என்ற முறை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முதல் அறிவிப்பு: “நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க.” வருபவர்கள் பச்சை, அவர்கள் காத்திருக்கலாம். மிச்சமிருப்பவர்களிடம் மூன்று சோதனைகள். மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போகிறதா? மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லையா? “கையை மூடித் திறங்க” என்றால் செய்ய முடியவில்லையா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் சிவப்பு. முதல் ஆம்புலன்ஸ் அவருக்கு. நடக்க முடியாதவர், ஆனால் இந்த மூன்றும் சரியாக இருந்தால் மஞ்சள். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவர் கறுப்பு. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாது.

தீக்காயம்: தண்ணீரும் கடிகாரமும்

தீ அணைந்ததும் முதல் மருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐஸ் வேண்டாம். மோதிரம், வாட்ச், பெல்ட்டை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க் எதுவும் தடவக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். உடம்பில் பெரும்பகுதி வெந்திருந்தால், குளிர்விப்பதை நீட்டித்துக்கொண்டே போகாமல் மற்ற பகுதிகளைப் போர்த்திச் சூடாக வைத்திருக்க வேண்டும். தோல் போன உடம்பு சூட்டை வேகமாக இழக்கும்.

முகம் வெந்திருக்கிறதா, மூக்குமுடி கருகியிருக்கிறதா, எச்சிலில் கரி தெரிகிறதா, குரல் கம்முகிறதா? இவை மூச்சுக்குழாய் வீங்கப்போவதற்கான எச்சரிக்கை. இப்போது நன்றாகப் பேசுபவர் சில மணி நேரத்தில் மூச்சுவிட முடியாமல் போகலாம். அவர் நினைவோடு இருந்தால், முதுகெலும்பில் அடி இல்லையென்றால், உட்காரவைத்தே கொண்டுபோக வேண்டும். வரிசையில் அவருக்கே முன்னுரிமை.

இரண்டாவது பயணம்

மீட்பு என்றால் விபத்து நடந்த இடத்திலிருந்து மருத்துவமனை வரை என்றுதான் நினைக்கிறோம். நெய்வேலியில் நடந்ததுபோல, பலத்த காயம்பட்டவருக்கு இரண்டாவது பயணம் ஒன்று இருக்கிறது: முதல் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு.

தீக்காயத்தில் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். பார்க்லாண்ட் கணக்கு என்ற பழைய வாய்ப்பாடு இப்படிச் சொல்கிறது: உடல் எடை ஒரு கிலோவுக்கு, வெந்த பரப்பு ஒரு சதவீதத்துக்கு, 4 மி.லி. எடை 60 கிலோ, 40 சதவீதத் தீக்காயம் என்றால், முதல் 24 மணி நேரத்தில் 9,600 மி.லி. அதில் பாதி, அதாவது ஏறக்குறைய 5 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள். இப்போது பல இடங்களில் 2 மி.லி. என்ற கணக்கில் தொடங்கி, சிறுநீர் அளவைப் பார்த்து ஏற்றி இறக்குகிறார்கள். ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை. அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து அல்ல.

200 கி.மீ. சாலைப் பயணம் நான்கு மணி நேரம் பிடித்தால், அந்தக் கடிகாரத்தில் பாதி வண்டியிலேயே ஓடிவிடும். எனவே கிளம்புவதற்கு முன்பே மூச்சுக்குழாய் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். திரவம் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். வலிக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். தீப்பட்ட நேரம், ஏற்றிய அளவு எல்லாம் தாளில் எழுதி வண்டியோடு போக வேண்டும். மூச்சுக்குழாய் வீங்கும் ஒருவருக்கு ஓடும் ஆம்புலன்ஸில் குழாய் போடுவது மிகக் கடினம்.

மாட்டிக்கொண்ட கை, கால்

இடிபாடு அல்லது இயந்திரத்துக்கு அடியில் கால் நசுங்கி மணிக்கணக்காகக் கிடப்பவர் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பாரத்தைத் தூக்கிய சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடலாம். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலப்பதுதான் காரணம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் குண்டுவீச்சின் இடிபாடுகளில் சிக்கியவர்களிடம் கண்டு, 1941இல் இதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இப்போதுதான் மாட்டினார் என்றால் சட்டென்று விடுவிக்கலாம். நீண்ட நேரம் ஆகியிருந்தால், மருத்துவக் குழு வந்து திரவம் ஏற்றத் தொடங்கிய பிறகே பாரத்தை எடுப்பது நல்லது.

ரோட்டில் உதவினால் வம்பு வருமா?

வராது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவுபவரைப் பாதுகாக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட மருத்துவமனைகளில் இலவசம். ‘பணத்துக்கு என்ன செய்வது’ என்று தயங்க வேண்டியதில்லை. 108ஐ அழைத்து, இடத்தையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள்.

பெட்டி இருக்கிறது, பழக்கம் இருக்கிறதா?

2020 விபத்தின்போது நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்குமேல் வேலை செய்தால் ஓர் ஆம்புலன்ஸ் அறை என்று சொன்னது. பெட்டிக்குப் பொறுப்பாளர் முதலுதவிப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் விபத்து நடக்கும்போது கொதிகலன் பக்கத்தில் நிற்பவர், அந்தப் பயிற்சி பெற்ற ஒருவராக இருப்பார் என்று என்ன நிச்சயம்?

உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 2023 நவம்பர் 12ஆம் தேதி 41 தொழிலாளர்கள் சிக்கினார்கள். ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கே அகலமுள்ள குழாய் வழியாக அவர்களைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் இழுத்துவரத் திட்டமிட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படை, குழாய் மறுமுனையைத் தொடுவதற்கு முன்பே அதை ஒத்திகை பார்த்தது. நவம்பர் 28இல் 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பக்கத்து சுகாதார மையத்தில் படுக்கைகள் தயாராக இருந்தன. மறுநாள் அங்கிருந்து ஹெலிகாப்டரில் ரிஷிகேஷ் எய்ம்ஸுக்குப் போனார்கள். அங்கே தயாராக 16 நாள் கிடைத்தது. கொதிகலன் வெடிக்கும்போது 16 வினாடிகூடக் கிடைக்காது. அதனால்தான் ஒத்திகை முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து.

இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த முறை உங்கள் அலுவலகத்தில் தீயணைப்பு ஒத்திகை நடக்கும்போது, மாடியிலிருந்து இறங்கி நின்று தலையை எண்ணுவதோடு முடித்துவிடாமல், ஒருவரைத் தரையில் படுக்கச் சொல்லுங்கள். ஒரு போர்வையை எடுங்கள். வாசல் வரை இழுத்துப் பாருங்கள். எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள், எந்தக் கதவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.